வீட்டு வணிகர்க்கு மட்டும் விலக்கா?

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைக் கழுவெளியை ஒட்டி எழவிருந்த மாபெரும் அடுக்கக் குடியிருப்புக்கு, 2025 அக்டோபரில் சென்னை உயர்முறைமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அத் தடையினும் பெரிது அவ்வட்டாரத்து மக்களின் கேள்வி: இங்குக் கட்டடம் எழுந்தால் மழைநீர் எங்கே போகும்?

தென்சென்னை ஏரிகள் பலவற்றின் மிகைநீர் இக் கழுவெளியில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியே கடலை நோக்கிச் செல்கின்றது. 2015-இல் வீட்டுக்குள் வெள்ளம் புகக் கண்டவர்க்கு இதனைப் பொறியாளர் வந்து விளக்க வேண்டுவதில்லை. 2022-இல் ஏறத்தாழ 1,247 எக்டேர் பரப்புடன் இஃது இராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

ஆயினும் அம் மக்களைக் கேட்பார் யார்? 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான கட்டடங்களுக்குச் சூழல் முன்னிசைவு வேண்டும் என்றது நடுவணரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை; மக்கள் கருத்துக் கேட்பு மட்டும் அவற்றுக்கு வேண்டா என்றது! பெருஞ்சுரங்கத்துக்கும் பேராலைக்கும் உள்ள கட்டுப்பாடு, வீடு விற்பார்க்கு இல்லையாம்.

கேட்பு நடந்தாலுந்தான் தாள்கள் எம்மொழியில் வரும்? 2020-இல் அவ்வறிவிக்கையின் புது வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிடப்பெற்றது. எட்டாம் பட்டியலின் எல்லா மொழிகளிலும் தருக என்று தில்லி உயர்முறைமன்றமே ஆணையிட்டது. மொழிபெயர்க்க மனமில்லாத நடுவணரசோ உச்சமன்றத்துக்கு ஓடிற்று.

கட்டடங்களுக்கு இசைவு தரும் மாநில ஆணையம் சென்னையிலேயே இருக்கின்றது. மதிப்பீட்டறிக்கையைத் தமிழில் வெளியிட்டு, ஊர் நடுவே படித்துக் காட்டி, மக்களின் மறுப்பை எழுத்தில் பெற்ற பின்னரே கடைக்கால் தோண்ட இசைவு தருவோம் என்று தமிழக அரசு அறிவிக்கட்டும். அதற்குத் தில்லியின் தடை ஏதும் இல்லை.