மழையை ஊசியில் அடைக்க முடியாது

நம் ஊர்த் தேளி, பீகார், வங்காளம், அசாம் பக்கத்து மாகுர் போன்ற நாட்டுக் கெளுத்திகள் குறைந்துவருகின்றன என்று யாராவது சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: “அதான் பொரிப்பகத்துல குஞ்சு பொரிக்கிறோமே!” விஷயம் தெரிந்தவர்களே இதைச் சொல்லும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. மீன் வளர்ப்புக்கு நான் எதிரி இல்லை. வளர்க்கட்டும், விற்கட்டும், நானும் வாங்கிச் சாப்பிடுகிறேன். அதற்குப் ‘பாதுகாப்பு’ என்று பெயர் வைக்காதீர்கள் என்பதுதான் என் வழக்கு. சாட்சி அந்த மீனின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பெண் மீன். பகல் நீண்டு தண்ணீர் சூடேறும்போது தேளியின் சினைப்பை வளரத் தொடங்கும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி. ஐ. சுந்தரராஜும் உடன் பணியாற்றியவர்களும் 1960, 70களில் இந்த மீனை வைத்தே இதை விரிவாகக் காட்டினார்கள். ஈஸ்ட்ரோஜன் தூண்ட, கல்லீரல் ஒரு புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடும். முட்டைகள் அதை உறிஞ்சிக் கருவுணவாகச் சேர்த்துக்கொள்ளும். இதுவரைக்கும் தொட்டியிலும் நடந்துவிடும்.

சிக்கல் கடைசிப் படியில் இருக்கிறது. முட்டை முழுதாகப் பருத்த பிறகும் முதிர்ந்து உதிராமல் காத்திருக்கும். எதுக்கு? மழைக்கு. புதுவெள்ளம் வந்து, வயலும் பள்ளமும் நிரம்பி, துணையும் கிடைத்தால்தான் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்எச் ஹார்மோன் ஒரேயடியாகப் பாயும். அதுவரை மூளையில் சுரக்கும் டோபமைன் அதற்குப் பிரேக் போட்டு வைத்திருக்கும். வெள்ளம் வராவிட்டால் அத்தனை முட்டையும் சினைப்பைக்குள்ளேயே சிதைந்து உடம்போடு கரைந்துபோகும்.

பொரிப்பகம் என்ன செய்கிறது? அந்தப் பிரேக்கை ஊசியால் எடுத்துவிடுகிறது. 1957இல் ஹிராலால் சவுத்ரியும் அலிகுன்ஹியும் ஒடிசாவில் பிட்யூட்டரிச் சாற்றைச் செலுத்திக் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தது பெரிய சாதனை, மறுக்கவில்லை. இன்று செயற்கை ஹார்மோனும், டோபமைனைத் தடுக்கும் டோம்பெரிடோனும் கலந்த மருந்து குப்பியிலேயே கிடைக்கிறது. போட்டால் மறுநாளுக்குள் சினை தயார். சரி, அந்த ஊசி எந்த ஏரியை நிரப்பியது? எந்த வாய்க்காலின் அடைப்பை எடுத்தது?

ஆண் மீனின் கதை இன்னும் மோசம். ஆண் கெண்டையின் வயிற்றை அமுக்கினால் விந்து பால்போல வரும். தேளி, மாகுர் ஆண்களிடம் அது நடக்காது. விந்தகத்தோடு ஒட்டி விரல் விரலாக நீண்டிருக்கும் விந்துப்பைகள் இவற்றுக்கு உண்டு. பிதுக்கினால் உருப்படியாக ஒன்றும் வெளியே வராது. ஆகவே ஆணைக் கொன்று, வயிற்றைக் கிழித்து விந்தகத்தை எடுத்து, நறுக்கிப் பிழிந்து உப்புக்கரைசலில் கலக்குகிறார்கள். பிறகு சினையோடு சேர்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் பட்டபின் விந்தணுவுக்கு ஏறக்குறைய ஒரு நிமிட ஓட்டந்தான். அதற்குள் முட்டையிலுள்ள ஒற்றைத் துளையைக் கண்டு நுழைய வேண்டும்.

“ஒரு ஆண் போனா என்ன, ஆயிரக்கணக்குல குஞ்சு வருதே!” என்பார்கள். கணக்கு தப்பாவது இங்கேதான். ஒவ்வொரு தடவையும் ஆணைக் கொல்ல வேண்டியிருப்பதால், இருக்கிற ஒன்றிரண்டு ஆண்களை வைத்து நிறையப் பெண்களின் சினையைக் கருவுறச் செய்யத்தான் கை போகும். ஆயிரமும் ஒரே அப்பன் பிள்ளைகள்! அவற்றையே வளர்த்து அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக்கினால் எண்ணிக்கை ஏறும், மரபுவளம் இறங்கும். வேண்டாமென்றால் புதிய தாய்மீனை மறுபடி ஏரியிலிருந்துதான் பிடித்துவர வேண்டும். ஏற்கெனவே அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று சர்வதேசச் செம்பட்டியலில் இடம்பெற்றுவிட்டது மாகுர்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளம் பாய்ந்த வயலில் மீன் தன் துணையைத் தானே தேடிக்கொள்கிறது. கிண்ணத்தில் அந்தத் தேர்வு கிடையாது. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் விந்தை உள்ளூர்க் கெளுத்தியின் சினையோடு கலக்கவும் அதே ஊசியும் கத்தியும் போதும். தாய்லாந்தில் அப்படி உருவான கலப்பினம் சந்தையைப் பிடித்தது. ஆப்பிரிக்க மீனின் மரபணுக்கள் அங்கே இயற்கை நீர்நிலைகளில் வாழும் உள்ளூர் இனத்திலும் கண்டறியப்பட்டன. இந்தியாவில் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கத் தடை இருக்கிறது. தடையை மீறி வளர்ப்பதும் ஊரறிந்த ரகசியம்.

பொரிப்பகத்தைத் திருத்த வழியே இல்லையா? இருக்கிறது. ஊசி போட்ட ஜோடியை நீர்ச்செடி உள்ள தொட்டியில் விட்டால் தேளி தானே முட்டையிடும், ஆணை வெட்டத் தேவையில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியில் விந்தகத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துத் தையல் போட்டுப் பிழைக்க வைத்தும் காட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் தாராளமாகச் செய்யட்டும். நிறைய ஆண்களைப் பயன்படுத்தட்டும், எதை எதோடு சேர்த்தோம் என்று பதிவேடும் வைக்கட்டும்.

ஆனால் காப்பாற்றுவது என்பது வேறு வேலை. ஏரியிலிருந்து வயலுக்கு மீன் ஏறும் வழி திறந்திருக்க வேண்டும். முதல் வெள்ளத்தில் சினையோடு ஏறிவரும் மீனை மடையிலேயே வலைகட்டி அள்ளக் கூடாது. அந்த நாட்களில் வயலில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. இதற்கெல்லாம் திறப்புவிழா நடத்த முடியாது, புகைப்படமும் எடுக்க முடியாது. அதனால்தான் இதை யாரும் தொடுவதில்லை என்று நினைக்கிறேன்.

ஏரியில் இத்தனை குஞ்சு விட்டோம் என்று கணக்குக் காட்டுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் குஞ்சு பெரிதாகி, வருகிற மழையில் யாரும் ஊசி போடாமல் முட்டையிட அதுக்கு ஓர் இடம் இருக்கா? இருந்தால் காப்பாற்றினீர்கள். இல்லையென்றால் வளர்த்தீர்கள், அவ்வளவுதான்.