புயலும் அதிகாரச் செருக்கும்

புயலுக்குத் தேச எல்லை கிடையாது. ஆனால் புயலைப்பற்றி எச்சரிக்கை வரும்போது, அது எந்தத் தேசத்தாரிடமிருந்து வருகிறதென்று விசாரித்து, அந்தஸ்துக்குத் தக்கபடி ஏற்பதும் தள்ளுவதும் அதிகார வர்க்கத்தாரின் வழக்கமாக இருந்திருக்கிறது. இவ்வழக்கம் எத்தகைய கேட்டிற்கு இடந்தரும் என்பதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெக்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த கால்வெஸ்டன் பட்டணத்தின் சரித்திரத்தைவிடத் தெளிவான சாக்ஷியம் வேண்டியதில்லை.

கால்வெஸ்டன் ஒரு மணல் தீவின்மேல் எழுந்த துறைமுகம். பருத்தி வியாபாரத்தினால் கொழுத்து, ஏறக்குறைய 37,000 ஜனங்கள் வாழ்ந்த இடம். அத்தீவின் மிக உயர்ந்த பாகமும் கடல் மட்டத்திற்கு ஒன்பது அடிக்கு மேற்பட்டதன்று. 1900-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி சனிக்கிழமை மாலை சூறாவளி அங்கே கரையேறியது. பதினைந்து அடி உயரத்திற்குக் கடல் பொங்கித் தீவை மூடிற்று. 3,600 வீடுகள் அழிந்தன. மாண்டோர் 6,000 பேருக்குக் குறையாது. 8,000 என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. புதைக்க இடமும் ஆளுமின்றிப் பிரேதங்களைக் குவியல் குவியலாகக் கடற்கரையிலேயே கொளுத்தினார்கள். அமெரிக்க நாட்டின் சரித்திரத்தில் இயற்கை உற்பாதம் ஒன்றினால் இவ்வளவு பேர் மாண்டது அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை.

இதைத் தெய்வச் செயலென்று சொல்லி விட்டுவிடலாமா? புயல் தெய்வச் செயலென்றே வைத்துக்கொள்வோம். புயல் வரும் செய்தி மறைந்ததும் தெய்வச் செயலாகுமா? வாசகர்கள் இதற்கு முன் நடந்த விருத்தாந்தத்தைக் கேட்டபின் தீர்ப்புச் சொல்வார்களாக.

கியூபா தீவின் ஹவானா நகரத்தில் பெலென் என்னும் பெயருடைய கலாசாலையைச் சேர்ந்த வானிலை ஆராய்ச்சிசாலை ஒன்று இருந்தது. பெனிட்டோ வின்யெஸ் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் 1870 முதல் 1893-ல் மரிக்கும்வரை அதன் தலைவராயிருந்தார். பாரமானியில் ரசம் இறங்கும் விதம், காற்று திரும்பும் திசை, கடலில் நீண்டு புரண்டு வரும் அலைகள், வானத்தின் உச்சியில் இறகுபோல் விரியும் மெல்லிய மேகங்கள் ஆகியவற்றை இரவு பகலாகக் குறித்து வைத்து, கண்ணுக்கெட்டாத் தூரத்தில் சுழலும் புயல் எங்கேயிருக்கிறது, எப்பக்கம் நகர்கிறது என்று கணிக்கும் முறையை அவர் வகுத்தார். 1875-ம் வருஷம் செப்டம்பர் மாதம் அவர் ஹவானாப் பத்திரிகையில் வெளியிட்ட எச்சரிக்கை அத்துறையிலேயே முன்மாதிரியாயிற்று. கப்பற்காரரும் வியாபாரிகளும் அவர் சொல்லை நம்பி உயிர்பிழைத்தனர். அவருக்குப்பின் லொரென்ஸோ கங்கோயிட்டே பாதிரியார் அவ்வேலையை நடத்தி வந்தார்.

1898-ம் வருஷத்து யுத்தத்தில் ஸ்பெயின் தோற்கவே, கியூபா அமெரிக்க ராணுவத்தின் ஆட்சிக்கு வந்தது. ஸ்பெயினின் நுகத்தடி நீங்கிற்றென்று மகிழ்ந்த கியூபர்கள் வேறொரு நுகத்தடியின் கீழிருந்தார்கள். வாஷிங்டனிலிருந்த வானிலை இலாகாவின் தலைவர் வில்லிஸ் மூர் என்பவர். கியூப நிபுணர்கள் வீணாக ஜனங்களைப் பயமுறுத்துகிறவர்கள், தம் இலாகாவிற்குப் போட்டியாக நிற்பவர்கள் என்பது அவருடைய எண்ணம். அவ்விலாகாவின் தூண்டுதலின்பேரில் யுத்த இலாகா 1900-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. கியூப நிபுணர்களின் வானிலைச் செய்திகள் சர்க்கார் தந்திக் கம்பிகளின் வழியாகச் செல்லக் கூடாதென்பது அதன் சாரம். புயற்காலத்தின் உச்சத்தில் காவற்காரனின் வாயைக் கட்டியதற்கு இதுவே சமானம்!

அவ்வுத்தரவு பிறந்து சில நாட்களுக்குள் புயல் கியூபாவைக் கடந்தது. அது வடகிழக்கே திரும்பி, ப்ளாரிடாவைத் தாண்டி, அட்லாண்டிக் கரையோரமாகப் போய்விடும் என்று வாஷிங்டன் இலாகா கூறியது. புயல் திரும்பவில்லை, மெக்ஸிகோ வளைகுடாவிற்குள் புகுந்து டெக்ஸாஸை நோக்கிச் செல்கிறது என்று ஹவானா நிபுணர்கள் கண்டார்கள். அவர்கள் கண்டதே உண்மையாயிற்று. கால்வெஸ்டனிலோ, வெள்ளிக்கிழமையன்று புயற்கொடி ஏற்றப்பட்டதெனினும், வருவது ஊரையே அழிக்கும் சூறாவளியென்று அறிவிப்பாரில்லை. மறுநாட் காலையிலும் பலர் கடலலையின் வேடிக்கை பார்க்கக் கரையில் கூடியிருந்தார்கள்.

ஹவானாத் தந்தி தடையின்றிப் போயிருந்தால் 8,000 பேரும் பிழைத்திருப்பார்களென்று நாம் சாதிக்க வரவில்லை. கால்வெஸ்டன்வாசிகளின் மனமும் ஒரு மதிலாகத்தான் இருந்தது. அதே கரையிலுள்ள இண்டியனோலாத் துறைமுகம் 1875-ல் ஒரு புயலால் சிதைந்து, 1886-ல் மற்றொரு புயலால் ஒழிந்துபோனதைக் கண்டும் அவர்கள் கடலுக்குச் சுவர் எடுக்கவில்லை. அவ்வூர் வானிலை அதிகாரியான ஐசக் க்ளைன் 1891-ல் எழுதிய வியாசம் ஒன்றில், சூறாவளியால் கால்வெஸ்டனுக்குப் பெருஞ்சேதம் நேருமென்பது வெறும் பிரமையென்று உறுதி கூறியிருந்தார். அவருடைய மனைவியே அப்புயலில் உயிரிழந்தார். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், உத்தரவிட்டவர்கள் மேலுள்ள குற்றம் குறையவில்லை. பிழையாகக் கணித்தல் மனித சுபாவம். அதைச் சாஸ்திரம் மன்னிக்கும். சரியாகக் கணித்தவனின் குரல் பிறர் செவியிற் படாமல் தடுத்தல் எந்த நியாயஸ்தலத்தில் மன்னிக்கப்படும்? ஆளப்படுகிறவனுக்கு அறிவு இருக்க முடியாது என்ற அகந்தையே அவ்வுத்தரவின் வேர்.

இது பழங்கதை, இன்று தந்தியைத் தடுப்பார் யாருமில்லை என்று சிலர் கூறலாம். மெய்தான். 1943-ல் முதன்முதலாக மனிதன் வேண்டுமென்றே சூறாவளியின் கண்ணுக்குள் விமானத்தைச் செலுத்தித் திரும்பினான். 1960 முதல் செயற்கைக் கோள்கள் மேலிருந்து மேகங்களைப் படம் பிடிக்கின்றன. கடலில் புயல் பிறந்த நாள் முதல் அதன் ஒவ்வோர் அடியையும் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆயினும் பார்ப்பது வேறு, காப்பது வேறு.

2005-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் கத்ரீனா என்னும் சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை நெருங்கியபோது கணிப்பில் குறையில்லை. திங்கட்கிழமை காலை அது கரையேறியது. வெள்ளிக்கிழமை இரவிலேயே அதன் வழி ஏறக்குறையச் சரியாக அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஊரைவிட்டு வெளியேறும்படி நகராண்மைத் தலைவர் கட்டாய உத்தரவிட்டது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். வாகனமுள்ளவர்கள் போனார்கள். வாகனமில்லாத ஏழைகள், நோயாளிகள், முதியோர் ஆகிய பதினாயிரக்கணக்கானோர் எதில் ஏறிப் போவார்கள்? அவர்களில் பெரும்பாலார் கறுப்பு ஜாதியார். சர்க்கார் இஞ்சினீயர்கள் கட்டிய கரைகள் உடைந்து நகரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் ஆழ்ந்தது. புயலுக்கு இரையானோர் 1,300-க்கு மேற்பட்டோர். எச்சரிக்கை வீட்டுக்கு வீடு எட்டியது. எச்சரிக்கைப்படி நடக்கும் சக்தி மட்டும் வீட்டுக்கு வீடு எட்டவில்லை. கால்வெஸ்டனில் அன்னியனின் அறிவு அலக்ஷியம் செய்யப்பட்டது. நியூ ஆர்லியன்ஸில் ஏழையின் உயிர் அலக்ஷியம் செய்யப்பட்டது. இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள்.

இந்நோய்க்கு மருந்து உண்டென்பதையும் சரித்திரமே காட்டுகிறது. கால்வெஸ்டன் ஜனங்கள் 1902-ல் தொடங்கி 1904-ல் பதினேழு அடி உயரமுள்ள கடற்சுவரைக் கட்டி முடித்தார்கள். பின்னர் மணலைக் கொட்டி நகரத்தின் தரையையே உயர்த்தினார்கள். 1915-ல் அதற்கிணையான புயல் வந்தபோது சுவருக்குள்ளிருந்தோரில் மாண்டவர் வெகு சிலரே. 1900-ல் எந்தக் கியூபாவின் வாய் கட்டப்பட்டதோ அதே கியூபாவில், 2001-ம் வருஷம் நவம்பர் மாதம் மிஷெல் என்னும் கடுஞ்சூறாவளி வருமுன் ஏறக்குறைய ஏழு லக்ஷம் ஜனங்கள் பத்திரமான இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெருஞ்செல்வமில்லாத அத்தீவில் அப்போது இறந்தவர்கள் ஐவரே.

ஆகவே, புயற்காலத்தில் ஒரு சர்க்காரைப் பிரஜைகள் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. உண்மையை யார் சொன்னாலும் கேட்கச் செவி உண்டா? கேட்ட உண்மையைக்கொண்டு நடக்கக் கால் இல்லாதவனைத் தூக்கிச் செல்லக் கை உண்டா? காற்றின் வேகத்தை அளப்பது சாஸ்திரத்தின் கடமை. இவ்விரு கேள்விகளையும் கேட்பது நம் கடமை. அதுவும் வானம் தெளிந்திருக்கும் நாட்களிலேயே கேட்டாக வேண்டும். கொடி ஏறிய பின் கேட்டுப் பயனில்லை.