பங்கஸ் மாத்திரையும் மலேரியாவும்: பகிருமுன் இதைப் படியுங்கள்



வட்டகொடை வட்ஸ்அப் குழுக்களில் மூன்று நாளாக ஒரு செய்தி சுற்றுகிறது. பங்கஸுக்குக் கொடுக்கும் மாத்திரை, எந்த மருந்துக்கும் அடங்காத மலேரியாவையும் கொல்லுமாம், கம்பனிகள் மறைக்கின்றனவாம். என்னிடம் படித்த பிள்ளைகளே பகிர்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து. மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கும் நம் தாய்மார் சேற்றுப்புண்ணுக்குப் பூசுகிறார்களே குளோட்ரிமசோல் கிரீம், அந்த மருந்து ஆய்வுகூடத்தில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதாக 2000ஆம் ஆண்டளவிலேயே விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். கிருமி நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினைத் தின்னும்போது ஹீம் என்ற நச்சு மிஞ்சும். அதைச் செயலிழக்கச் செய்யும் வேலையை இந்த மருந்து கெடுக்கிறது. யாரும் எதையும் மறைக்கவில்லை.

ஆனால் ஆய்வுகூடக் குழாயும் மனித உடம்பும் ஒன்றா? குளோட்ரிமசோலை விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். நாள் போகப்போக ஈரல் அதை வேகமாக அழிக்கத் தொடங்கும். இரத்தத்தில் மருந்தின் அளவு குறையும். அதே வகையைச் சேர்ந்த கீட்டோகொனசோல் மாத்திரையை, ஈரலைக் கெடுக்கிறது என்று 2013இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் பங்கஸ் நோய்க்கே நிறுத்தச் சொன்னது. இதையா பாமசியில் கேட்டு வாங்கி விழுங்கச் சொல்கிறீர்கள்? 2020 டிசம்பரில் கொரோனாவுக்குப் பாணி வாங்கக் கேகாலையில் முண்டியடித்த கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே நாம்!

"மலேரியாதான் நாட்டில் இல்லையே சேர்" என்கிறார் ஒருவர். 1934-35இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற நோய் அது. 1963இல் வெறும் 17 பேருக்குத்தான் இருந்தது. ஒழிந்தது என்று கையைக் கட்டிக்கொண்டோம். சில வருடங்களிலேயே இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. 1984இல் குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியாவும் இங்கே பதிவானது. 2016இல் ஒழிப்புச் சான்றிதழ் கிடைத்தது. அதே வருடக் கடைசியில் நகரங்களில் மலேரியா பரப்பும் ஸ்டெபென்சி நுளம்பு மன்னாரில் பிடிபட்டது. தோட்ட மக்களின் முப்பாட்டன்மார் வந்திறங்கி, காய்ச்சலில் செத்துச்செத்து மாத்தளை வரை நடந்தார்களே, அதே மன்னார். இன்று ருவாண்டாவிலும் உகண்டாவிலும் ஆர்டிமிசினினுக்கே கிருமி பழகத் தொடங்கிவிட்டது. மாணிக்கக்கல் வியாபாரத்துக்கு ஆபிரிக்கா போய்வரும் நம்மவர்கள் எத்தனை பேர்?

கோபப்பட வேண்டிய இடம் வேறு. பழைய மலிவு மருந்தை மனிதரில் முறையாகச் சோதிக்கக் கோடிக்கணக்கில் செலவாகும். காப்புரிமை முடிந்த மருந்தில் அந்தக் காசு திரும்பி வராது. அதனால் கம்பனிகள் முன்வருவது அபூர்வம். ஆர்டிமிசினினைக் கண்டுபிடித்தது கம்பனியா? சீன அரசு 1967இல் தொடங்கிய திட்டம். து யூயூ என்ற அம்மையார் பழைய மூலிகைக் குறிப்பில் தொடங்கினார், ஆனால் சோதித்துவிட்டுத்தான் கொடுத்தார். 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. நோய்க்கு மருந்து உண்டு என்று நம்புகிறவன்தான் நானும். நம்புகிறவன் தேட வேண்டாமா, சோதிக்க வேண்டாமா? அந்தச் செலவை அரசுகள் ஏற்க வேண்டும், நம் பல்கலைக்கழகங்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்று எந்த அரசியல்வாதியிடமாவது ஒருநாள் கேட்டிருக்கிறோமா?

ஆபிரிக்கா, இந்தியா போகிறவர்கள் புறப்படுமுன் மலேரியா எதிர்ப்பு இயக்கத்தில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள், இலவசமாகவே தருகிறார்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் என்றால், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். அந்த வட்ஸ்அப் செய்தியை இப்போதே அழித்துவிடுங்கள். பகிர்ந்த பிள்ளைகள், அதே குழுவில் தவறு என்றும் எழுதிவிடுங்கள்.