நீரைப் பார்த்தோம், நோயைப் பார்த்தோமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் விடியுமுன் கறந்து கொண்டுசெல்லும் பாலின் விலையை எவை தீர்மானிக்கின்றன? கொழுப்பும் கொழுப்பற்ற திண்மமுமே. தண்ணீர் கலந்ததா என்று லக்ரோமீற்றர் சொல்லும்; நோய்க்கிருமி கலந்ததா என்று அது சொல்லுமா?

1905ஆம் ஆண்டில், மால்ற்றாத் தீவைப் பீடித்த காய்ச்சலுக்கு வெள்ளாடுகளே உறைவிடம் என்பதைத் தெமிஸ்ரொக்கிள்ஸ் சாமிற் என்னும் வைத்தியர் கண்டறிந்தார். மறு ஆண்டு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் பிரித்தானியப் படையினரிடையே காய்ச்சல் அடங்கிற்று. புரூசெல்லாக் கிருமியின் கதை இதுவே.

“காய்ச்சித்தானே குடிக்கின்றோம்” என்பார் உளர். குடிப்பவர் தப்புவார், கன்று வீசிய பசுவின் இளங்கொடியை வெறுங்கையால் எடுப்பவர் தப்புவாரா? காய்ச்சாத பாலிற் செய்த பாற்கட்டியை உண்பவர்தாம் தப்புவாரா?

நிறமூட்டிய சோதனைத் திரவத்தைச் சிறிது பசும்பாலிற் கலந்து வைத்தால், நோய்க்குறி உள்ள பாலின் ஆடையில் நீலவளையம் தோன்றும். பலர் ஊற்றிய கூட்டுப்பாலையே இவ்வாறு சோதிக்கலாம். வளையம் கண்டால், பின்னர் ஒவ்வொரு பசுவின் இரத்தத்தையும் சோதித்து உறுதிசெய்யலாம்.

பாற்சேகரிப்பு நிலையந்தோறும் இச்சோதனை காலந்தவறாது நடைபெறல் வேண்டும். நோய் கண்ட பசுவுக்கு அரசு முழு நட்டஈடு வழங்கல் வேண்டும். ஈடின்றிச் சோதித்தால் ஏழை பசுவை மறைப்பார்; நோயும் மறைந்தே வளரும். கமக்காரரைத் தண்டிக்கும் சோதனையை அல்ல, காக்கும் சோதனையையே நாம் கேட்கின்றோம்!