மாவுக்கட்டுக்குக் கைதட்டாதீர்கள்

இராசிபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டீக்கடை. காலை ஏழு மணி. பெஞ்சின்மேல் விரிந்து கிடந்த பேப்பரில் ஒரு படம்: வலது கையிலும் இடது காலிலும் மாவுக்கட்டோடு ஓர் இளைஞன். போலீசைக் கண்டு ஓடும்போது தவறி விழுந்தான் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். அவன் விழவில்லை என்பது கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு திருப்தி. "இப்படி நாலு பேருக்குக் கட்டுப் போட்டாத்தான் ஊரு அடங்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். கோழிப்பண்ணைக்குத் தீவன லாரி ஓட்டுகிறவர். யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத மனிதர். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு புழங்கும் பழமொழி. பள்ளிக்கூடத்துப் பிரம்பில் தொடங்கும் இந்த நம்பிக்கை காவல் நிலையத்து லத்தியில் போய் நிற்கிறது. போலீஸ் கைவைத்தால்தான் உண்மை வரும், போலீஸ் கைவைத்தால்தான் ஊர் அடங்கும் என்கிறோம். இரண்டும் பொய். ஆளைக் கொல்லும் பொய்.

2021 ஜூன். கொரோனாவுக்காகச் சேலம் மாவட்டத்தில் மதுக்கடைகள் மூடியிருந்தன. பக்கத்துக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்க் குடித்துவிட்டுத் திரும்பிய ஒரு சிறு வியாபாரியைப் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வாய்த்தகராறு முற்றியது. ஒரு சிறப்பு உதவி ஆய்வாளரின் லத்தி அவர்மேல் இறங்கியது. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. நடுரோட்டில் அடி விழுந்தது செல்போனில் பதிவாகியிருந்தது, அந்தக் காட்சி ஊரெல்லாம் பரவியது, அடித்தவர் கைதானார்.

அடுத்த ஆண்டு ஜனவரியில், ஒரு திருட்டு வழக்கில், சேலத்தைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி ஒருவரையும் அவர் மனைவியையும் சேந்தமங்கலம் போலீசார் பிடித்துப் போனார்கள். நாமக்கல் கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட அவர் சேலம் அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. ஒருவர் குடித்திருந்தார்; இன்னொருவர்மேல் சந்தேகம் இருந்தது. இந்த இரண்டுக்கும் நம் நாட்டின் எந்தச் சட்டத்திலும் மரண தண்டனை கிடையாது.

அடித்தால் உண்மை வரும் என்பதைச் சட்டமே நம்பியதில்லை. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது. இப்போதைய பாரதிய சாட்சிய அதினியமும் 23-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. கூடவே ஒரு சந்தும் விட்டிருக்கிறது. பிடிபட்டவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைப் பற்றி அவர் சொன்ன பகுதி மட்டும் செல்லும். லத்தி நுழைவது இந்தச் சந்தில்தான். நகை காணோம் என்று புகார் வந்தால், ஸ்டேஷனைப் பார்த்து எல்லோரும் கேட்பது 'ரெக்கவரி எத்தனை பவுன்?' என்றுதான். பவுன் கணக்கு நேராக வேண்டும். வலி பொறுக்காதவர் எடுக்காத நகையை எடுத்தேன் என்பார், வாயில் வந்த அடகுக்கடைப் பெயரைச் சொல்வார். வீட்டார் தங்கள் காதிலும் கழுத்திலும் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்தாவது ஆளை மீட்கப் பார்ப்பார்கள். பதிவேட்டில் கேஸ் முடிந்துவிடும். திருடியவன் வெளியில்தான் இருப்பான்.

ஒரு காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் ஒருமுறை ஒரு பெண்ணைப் பார்த்தேன். மடியில் சோற்றுத் தூக்கு. கணவரை விசாரணைக்கென்று அழைத்துப் போய் இரண்டு நாள். "அப்படி ஒரு ஆளே உள்ள இல்லம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அவர் எழுந்து போகவில்லை. தூக்கு மூடியைத் திறந்து, சோறு ஊசிப்போய்விட்டதா என்று மோந்து பார்த்தார். மறுபடி இறுக்கி மூடினார். கணவர் வாங்கும் அடி எந்தப் பதிவேட்டிலும் வராது. இந்தச் சோறும் வராது.

இந்தக் காவல் துறை எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் வேதனை கூடும். கம்பெனி ஆட்சியில் கிஸ்தி வசூலிக்க, குடியானவர்களின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். வரி வாங்குவதும் ஊர்க்காவலும் ஒரே ஆட்கள் கையில் இருந்த காலம் அது. அதை விசாரிக்கவே சென்னை மாகாணத்தில் ஒரு சித்திரவதை விசாரணைக் குழு அமைந்து, 1855-ல் அறிக்கை தந்தது. வரி வேலையிலிருந்து காவலைப் பிரித்துத் தனித் துறையாக்கிய சென்னை போலீஸ் சட்டம் 1859-ல் வந்தது. சித்திரவதையை நிறுத்தவென்று உண்டாக்கிய துறையில்தான் சித்திரவதை இன்றும் நிற்கவில்லை. நல்ல அதிகாரி வந்தால் சரியாகிவிடும் என்று நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கிறோம்.

யாரைப் பிடிப்பது என்பதும் வெள்ளையர் ஆட்சியிலேயே முடிவானதுதான். உப்பையும் தானியத்தையும் பொதி மாடுகளில் ஏற்றி ஊர் ஊராக விற்றுவந்த குறவர்களின் பிழைப்பை இரயிலும் அரசின் உப்புக் கொள்கையும் கெடுத்தன. பிழைப்பு இழந்து அலைந்தவர்களைத் திருந்த வேண்டியவர்கள் என்று சொல்லி, 1911-க்குப் பிறகு குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். 1952-ல் அந்தச் சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது. இன்றும் ஒரு வீட்டில் பூட்டு உடைந்தால் போலீஸ் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று அந்தத் தெருக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சிறைக்குப் போனால் திருந்துவார்கள் என்கிறார்கள். சேலம் மத்திய சிறை 1862-லிருந்து நிற்கிறது. குடியரசு பிறந்து பதினாறே நாளில், 1950 பிப்ரவரி 11 அன்று, அதன் சுவர்களுக்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். அது பழைய கதை என்று தள்ளலாம். ஆனால் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5,73,000 பேரில் 4,34,000 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள். ஜாமீனுக்கு ஆள் இல்லாததாலும் வக்கீலுக்குப் பணம் இல்லாததாலும் உள்ளே கிடப்பவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். எதிலிருந்து அவர்களைத் திருத்துகிறோம்?

"அப்ப கொலைகாரனை யார் பிடிக்கிறது? ஊரே பார்த்துக்கும்னு விட்டுடலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஊர் பார்த்துக்கொண்ட கதையும் நம் மண்ணிலேயே இருக்கிறது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு வேற்றுச் சாதித் தோழியோடு வந்த ஒரு தலித் மாணவரை, ஒரு சாதி அமைப்பின் ஆட்கள் கடத்திப் போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. சாதிப் பஞ்சாயத்தையும் கட்டப்பஞ்சாயத்தையும் போலீசுக்கு மாற்றாகச் சொல்பவன் நான் இல்லை. அவையும் இன்னொரு லத்திதான். ஆனால் அந்த வழக்கு எதனால் நின்றது என்று பாருங்கள். முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் அதைத் தாங்கிப் பிடித்தது கோயில் கேமராவின் காட்சிகள். உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய், கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரின் ஆயுள் தண்டனை உறுதியானது. யாருக்கும் மாவுக்கட்டுப் போட்டு வந்த நீதி இல்லை அது.

கொலை வழக்குகள் ஸ்டேஷனுக்கு வரும் வேலையில் சிறு பங்கு. நம் ஊர்களிலிருந்து அன்றாடம் படியேறுவது வரப்புத் தகராறு, பள்ளிபாளையம் குமாரபாளையம் தறிப்பட்டறைகளின் முன்பணத் தகராறு, கந்துவட்டி, குடித்துவிட்டு அடிக்கும் கணவன், புத்தி பேதலித்துத் தெருவில் நிற்கும் பிள்ளை. வரப்புக்குச் சர்வேயர் வேண்டும், முன்பணத்துக்குத் தொழிலாளர் துறை வேண்டும், பிள்ளைக்கு மருத்துவர் வேண்டும். இத்தனையையும் லத்தி வைத்திருக்கும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் லத்தியை எடுக்கிறார் என்று வருந்துகிறோம். இந்த வேலைகளை ஒவ்வொன்றாக ஸ்டேஷனிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். வாங்க வாங்க, ஸ்டேஷனும் சிறையும் சுருங்கும். சுருங்கிக்கொண்டே போய் ஒருநாள் தேவைப்படாமல் போக வேண்டும் என்பதே என் விருப்பம்.

நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன பகுதி இது. பிரசவம் பார்த்த வீட்டுக்குள் எந்தப் போலீசும் எட்டிப் பார்க்க முடியாது. வேண்டாத பெண் குழந்தையை அரசிடம் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது. பழைய சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்த தருமபுரியில், அந்தப் பத்தாண்டின் கடைசியில், கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகத் தெருநாடகம் போட்டன. உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் தங்கள் தாய்மார் முன்னால் நின்று ஆடிப் பேசினார்கள். பின்வந்த ஆண்டுகளில் சிசுக்கொலை குறைந்தது. கருவிலேயே கலைப்பது இன்னும் தீரவில்லை. தொட்டில் எல்லாவற்றுக்கும் விடையும் இல்லை. ஆனாலும் கைவிலங்கு தொட முடியாத இடத்தைப் பேச்சு தொட்டது.

புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் முன்னின்று கட்டிய முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைப் பாருங்கள். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து பெண்களின் தலாக்கையும் வரதட்சணையையும் முடிவு செய்த இடத்துக்கு எதிரே, பெண்களே கூடி இரு தரப்பையும் கேட்டார்கள். இந்தச் சபை கட்டப்பஞ்சாயத்து ஆகாததற்குக் காரணம், அதுவரை பேச விடப்படாதவர்கள் அதில் பேசினார்கள் என்பதே. நம் ஊராட்சிகளிலும் பெண்களும் தலித்துகளும் பாதிக்குக் குறையாமல் உட்காரும் சபைகள் வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் தரக் கடமைப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் ஆள் அங்கே இருக்க வேண்டும். சபை எவர்மேலும் கைவைக்கவும் கூடாது, அபராதம் போடவும் கூடாது.

அந்தச் சபைகள் வரும்வரை நாம் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தவறி விழுந்தான் என்று அவர்கள் எழுதுவதும், தெரிந்தே நாம் சிரித்துக்கொள்வதும் சேர்ந்துதான் அடுத்த அடிக்கு அனுமதி ஆகிறது. அடுத்த முறை அந்த டீக்கடையில் அப்படி ஒரு படம் வந்தால் நான் சத்தமாகவே சொல்வேன்: இந்தப் பையன் விழவில்லை, இவனை அடித்திருக்கிறார்கள். நீங்களும் சொல்லுங்கள்.