மருந்துக்கும் விலாசம் வேண்டும்

நூல் விலை, தறிக் கூலி, வாய்க்கால் நீர் முறை, தேங்காய்ச் சந்தை ஆகியவற்றைப் பற்றியே இப்பக்கங்களில் பெரும்பாலும் எழுதி வருகிறோம். குடியிருக்க இடமற்றோரைப் பற்றி எழுதுவது ஒரு கூட்டுறவுப் பத்திரிகையின் வேலைதானா என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். நம் வேலையே என்பது நமது அபிப்பிராயம். திருப்பூர்க் கடைத் திண்ணைகளில் இரவைக் கழிப்போரிடையே, பகலில் நம் துணி மூட்டையையும் காய்கறி மூட்டையையும் சுமக்கும் தோள்கள் உள்ளன.

2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கு, இந்நாட்டில் வீடற்றோர் ஏறத்தாழ 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் என்றது. நடைபாதையிலும் பாலத்தடியிலும் வெட்டவெளியிலும் படுத்திருந்தோரின் தொகை அது. விசைத்தறிக் கூடத்திலேயே பாய் விரிப்பவரும், கோழிப்பண்ணைக் கொட்டகையின் ஓரத்தில் குடும்பம் நடத்துபவரும், லைன் வீட்டில் பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டு முடித்துப் படுப்பவரும் அந்தக் கணக்கில் எப்படி அடங்குவர்? கூரை என்று ஒன்று இருக்கிறது, வீடு இல்லை.

இதனால் உடலுக்கு விளையும் கேடுகளுள் ஒன்றைமட்டும் சற்று விரித்துரைப்போம். காசநோய்க்குப் பெருந்துறை சானடோரியத்தில் இடம் கிடைக்குமா என்று ஏங்கிய காலம் நம் பெரியோர்க்கு நினைவிருக்கும். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், நோயாளரில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தோர் நெருக்கடியான இடங்களில், குறைந்த உணவுடன் வாழ்ந்த ஏழைகள். எனினும் குணத்தில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959-இல் வெளியான முடிவு கூறிற்று. உலகெங்கும் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்ததற்கு இந்தச் சென்னைப் பரிசோதனை ஒரு பெருங்காரணம். தமிழகம் பெருமை கொள்ளத்தக்க செய்தி இது.

ஆயின், வீட்டு வைத்தியம் என்பதில் 'வீடு' என்ற சொல் இருப்பதை நாம் மறந்துவிட்டோம். இன்றும் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் இடைவிடாமல் மருந்துண்ண வேண்டும். இன்று ஒரு திண்ணை, நாளை வேறோர் ஊரின் கட்டிடப் பணி என்று அலைபவரைச் சுகாதார ஊழியர் எங்கே தேடுவார்? நோயாளரின் போஷாக்குக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் சர்க்கார் வழங்குகிறது. அதுவும் வங்கிக் கணக்கின் வழியேதான். கணக்குக்கு விலாசம் வேண்டும். பாதியில் விட்ட மருந்து, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கும். அக்கிருமி தறிக்காரரென்றும் முதலாளியென்றும் பார்ப்பதில்லை.

நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு, நூறு பேர் தங்கும் இல்லம் ஒன்றேனும் வேண்டும் என்று 2013-இல் தொடங்கிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் விதித்தது. ஆளுக்கு 50 சதுர அடி என்றும் சொன்னது. நல்ல விதிதான். ஆனால் பொங்கலூர் ஊராட்சி ஒன்றியம், நகரமன்று. தொழில் கிராமத்தைத் தேடி வந்துவிட்டது. தங்கும் இல்லம் வரவில்லை.

இதற்குக் கூட்டுறவே வழி காட்டியுள்ளது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் பீடி சுற்றும் பெண்கள் சங்கமாகத் திரண்டு, சர்க்கார் உதவியும் தம் பங்கும் சேர்த்துப் பதினாயிரம் வீடுகள் பெற்றனர். அதே நகரின் ராய்நகரில் விசைத்தறித் தொழிலாளர், குப்பை பொறுக்குவோர் முதலானோருக்கென எழுந்த 15,000 வீடுகள் 2024 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் நம்மினும் வசதி படைத்தவர் அல்லர்.

"வெளியூரார்க்கு நாம் ஏன் செலவிட வேண்டும்?" என்ற பேச்சு நம் காதிலும் விழுகிறது. 1979-இன் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமே, அழைத்து வருபவர் தங்குமிடம் தரவேண்டும் என்று கூறியது. தர்மத்தை விட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும், உறக்கமற்ற கை தறியில் என்ன நெய்யும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

பெரிய குடியிருப்பு ஒரே நாளில் எழாது. லைன் வீடு வாடகைக்கு விடும் அங்கத்தினர்கள் அறைக்கொரு ஜன்னலும் போதிய கழிப்பிடமும் அமைத்து, வாடகைச் சீட்டும் எழுதிக் கொடுக்கட்டும். அச்சீட்டே அவர்களுக்கு விலாசமாக உதவும். அச்செலவுக்குச் சங்கம் குறைந்த வட்டியில் கடன் தரலாம். வெறுமையாய்க் கிடக்கும் கிடங்கு இருப்பின், அதில் ஒரு பகுதியை நோயுற்றோர் மருந்துக் காலம்வரை தங்குவதற்கு ஒதுக்கலாம். வரும் மகாசபைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொணர விரும்புவோர், எதிர்க்க விரும்புவோருந்தான், தம் கருத்தை முன்கூட்டியே காரியதரிசியிடம் எழுத்து மூலம் கொடுக்குமாறு வேண்டுகிறோம்.