குடியும் கடவுளும்

"குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு" என்பது நம் நாட்டுப் பழமொழி. 'இனித் தொடமாட்டேன்' என்று இரவில் செய்யும் சத்தியம் மறுநாள் மாலை வரை நிற்பதில்லை என்பதை ஊர் அறியும்; அவன் மனைவி அறிவாள்; அவனும் அறிவான். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். சட்டமும் முயன்று பார்த்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் பெற்றிருந்தது. எனினும் குடி ஒழியவில்லை. அச்சட்டம் நீங்கி இரண்டாண்டு நிறையுமுன், 1935-ல், ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரில் குடிகாரர் இருவர் சந்தித்துப் பேசினர். அந்தப் பேச்சு விடிந்த பின்னும் போகவில்லை!

ஒருவர் நியூயார்க் பங்குச் சந்தையைச் சேர்ந்த பில் வில்சன். மற்றவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். அவர்கள் தோற்றுவித்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் பெயர் வெளியிடாத குடிநோயாளர் தோழமை. இதனை ஒரு மதம் என்பார் சிலர். மருத்துவம் என்பார் சிலர். கடவுளை நம்பாதவனுக்கு இங்கே இடமுண்டா என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

இதன் வேர் சமயத்தில்தான் இருக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை. லூத்தரன் போதகரான பிராங்க் புக்மன் தொடங்கிய 'ஆக்ஸ்போர்டு குழு' அக்காலத்தில் புகழ் பெற்றிருந்தது. தன் குற்றத்தை இன்னொருவரிடம் மனம் விட்டுச் சொல்லுதல், தீங்கு இழைக்கப்பட்டவருக்கு ஈடு செய்தல், மௌனமாக அமர்ந்து இறைவழி நாடுதல், பெற்றதைப் பிறர்க்கு அளித்தல் ஆகியவை அதன் பயிற்சிகள். வில்சனின் பழைய குடித்தோழர் எபி தாட்சர் இக்குழுவில் சேர்ந்து குடியை விட்டவர். 1934 நவம்பரில் அவர் வந்து இச்செய்தியைச் சொன்னார். அடுத்த மாதம் மருத்துவமனையில் படுத்திருந்த வில்சன், தன் அறை ஒளியால் நிறைந்ததுபோல் ஓர் அனுபவம் பெற்றார். 'எனக்குப் பைத்தியமா?' என்று அவர் கேட்டபோது, மருத்துவர் சில்க்வொர்த் அதை அலட்சியம் செய்யாமல், கிடைத்ததைப் பற்றிக்கொள்ளுமாறு கூறினார். பின்னர், சமய அனுபவங்களைப் பற்றி உளநூலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902-ல் வெளியிட்ட நூல் அவருக்கு விளக்கம் தந்தது.

இன்னொரு வேர் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. ரோலண்ட் ஹசார்ட் என்னும் அமெரிக்கச் செல்வருக்கு, மருத்துவத்தால் இனிப் பயனில்லை, ஆன்மிக மாற்றம் ஒன்றே வழி என்று உளமருத்துவர் கார்ல் யுங் சொன்னதாக வில்சன் எழுதினார். 1961-ல் வில்சனுக்கு எழுதிய பதிலில், குடிகாரனின் தாகம் முழுமையைத் தேடும் ஆன்மாவின் தாகமே, ஆனால் தாழ்ந்த வடிவில் இருப்பது என்ற கருத்தை யுங் தெரிவித்தார். இலத்தீனில் ஆவிக்கும் மதுவுக்கும் 'ஸ்பிரிட்டஸ்' என்ற ஒரே சொல் என்றும் சுட்டினார். நம் வேதியியல் கூடத்து விளக்கில் ஊற்றுவதையும் நாம் 'ஸ்பிரிட்' என்றுதானே அழைக்கிறோம்!

வேர் இதுவாயின், மரம் எப்படி வளர்ந்தது? 1939-ல் இவர்கள் வெளியிட்ட நூலில் பன்னிரண்டு படிகள் வகுக்கப்பட்டன. வரைவைக் கண்ட உறுப்பினர்களுள் நம்பிக்கையற்றோர் சிலர் எதிர்த்தனர். விளைவாக, கடவுள் என்பதை 'நாம் புரிந்துகொண்டபடி' என்று பொருள்கொள்ள வழி திறந்தனர்; மண்டியிட்டு வேண்ட வேண்டும் என்றிருந்த சொற்களை நீக்கினர். பக்தர்களும் நாத்திகர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவன் உயிர் பிழைக்கும் பொருட்டுத் தத்தம் பிடிவாதத்தைத் தளர்த்திய இச்செயலே, என் கருத்தில், இத்தோழமையின் தலைசிறந்த ஆன்மிகச் செயல்.

பகுத்தறிவு நண்பர்கள் கேட்கலாம்: 'மேலான ஓர் ஆற்றலிடம் சரணடைவது மனிதனைக் கோழையாக்காதா?' ஆக்ரனில் நடந்ததைக் கவனியுங்கள். வாணிக முயற்சி தோற்று, வேற்றூரில் தனியே நின்ற வில்சனை விடுதியின் மதுக்கூடம் அழைத்தது. அவர் தொலைபேசியை எடுத்துப் போதகர் ஒருவரை அழைத்து, தாம் பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். பிறரைத் திருத்த அல்ல, தம்மைக் காத்துக்கொள்ள! அப்படிக் கிடைத்தவரே பாப் ஸ்மித். இங்கே சரணடைந்தது 'என்னால் தனியே முடியும்' என்ற செருக்கு ஒன்றுதான். அதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்வது?

1950-ல் ஏற்ற பன்னிரண்டு மரபுகளும் இப்பணிவையே விதியாக்கின. குடியை விடும் விருப்பம் ஒன்றே உறுப்பினர் தகுதி. வெளியார் நன்கொடை ஏற்பதில்லை. செய்தித்தாளில் பெயரும் படமும் வெளியிடுவதில்லை. 1840-ல் பால்டிமோரில் குடிகாரர் அறுவர் தொடங்கிய 'வாஷிங்டோனியன்' இயக்கம் விரைந்து பெருகி, பொதுச் சர்ச்சைகளில் சிக்கிச் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தது. அவ்வரலாறு இவர்களுக்குப் பாடமாயிற்று.

மறுபுறம், 'கடவுளை ஏற்றால்தான் விடுதலை' என்போரையும் மறுக்க வேண்டியிருக்கிறது. 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை உட்கொண்டவற்றை, தொகுத்து நோக்கியது. இத்தோழமையில் சேர ஊக்குவிக்கும் முறையான சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமலிருப்பதில் பிற சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ பயன் தந்தன. ஆனால் அப்பயனில் நட்பு வட்டம் மாறுவதற்கும் தன்னம்பிக்கை வளர்வதற்கும் பெரும் பங்குண்டு என்பதையும் ஆய்வாளர் காட்டியுள்ளனர். நாத்திகக் கைதி ஒருவரின் குடும்பச் சந்திப்புச் சலுகையை இப்படிகள் வழி நடக்கும் பயிற்சியோடு பிணைப்பது தவறென்று நியூயார்க் மாநில உயர் முறைமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. அது நியாயமே. விரும்பி ஏறினால்தான் அவை படிகள். பிடித்துத் தள்ளினால் அல்ல.

மருத்துவத்தையும் விலக்கலாகாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம். மருத்துவர் துணை வேண்டும். இத்தோழமையைத் தொடங்கியவருள் ஒருவரே மருத்துவர் அன்றோ?

மாணவ நண்பர்களே! திரைப்படத்தில் தள்ளாடுபவனைக் கண்டு சிரிக்கிறோம். தெருவில் கண்டால் ஒதுங்குகிறோம். வீட்டில் கண்டால் மறைக்கிறோம். அறிவுரையும் சத்தியமும் வாங்கிச் சலித்துப்போன அவனுக்கு, 'நானும் அங்கிருந்துதான் வந்தேன்' என்று சொல்லும் ஒருவன் தேவை. அவ்விருவரும் அமர ஓர் இடம் வேண்டும். நம் ஊர் வாசகசாலையோ, கோயில் மண்டபமோ, மாதா கோயில் கூடமோ, பள்ளிவாசல் திண்ணையோ, கட்சிப் படிப்பகமோ, எதுவாயினும் சரி. அங்கே வருபவனிடம் 'உன் கடவுள் யார்?' என்று கேளாதிருப்போம்.